காட்டில் நடை, கரையில் அடுப்பு
வாசகர் கேள்வி – பதில்

மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காட்டு நடை, அதோடு விறகடுப்புச் சாப்பாடு என்று கிளம்புகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 20 பேர். வழிகாட்டியோடு காட்டில் நடந்துவிட்டு, அங்கேயே விறகு மூட்டிச் சமைத்துச் சாப்பிட ஆசை. புதுச்சேரி பக்கத்தில் காடு என்று ஏதாவது இருக்கிறதா? தீ மூட்ட விடுவார்களா? – வாசகி, லாஸ்பேட்டை

காடு இருக்கிறது. மலைக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால்தான் ஏமாற்றமாக இருக்கும். நம் கடற்கரையின் சொந்தக் காடு குட்டையானது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். எட்டு மாதம் மழையில்லாமல் கிடந்தாலும் இலை உதிராது. இலையைத் தொட்டுப் பாருங்கள்: தடிப்பாக, மெழுகு பூசினாற்போல இருக்கும். இந்தக் காட்டில் இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம் இருக்கிறது. அப்படி மிஞ்சியதும் பெரும்பாலும் ஐயனார் கோயிலை ஒட்டித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் கீழ்ப்புத்துப்பட்டு கோயில் காடு அதில் முக்கியமானது. காயா, வீரை, உலக்கைப்பாலை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு வெறும் செம்மண் மேட்டில் வளர்த்தெடுத்த காடுகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குள் போக முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

தீ விஷயத்தில் எங்கள் பதில் ஒன்றுதான். நடப்பது காட்டில் இருக்கட்டும், சமைப்பது காட்டுக்கு வெளியே இருக்கட்டும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் அதன் பிறகுதான் வந்தன. கோயில் காட்டில் பொங்கல் வைக்கிறார்களே என்று கேட்கலாம். அது கோயில் வாசலில், வழக்கமாக அடுப்பு வைக்கும் வெட்டவெளியில் நடப்பது. மரத்தடிச் சருகில் யாரும் பொங்கல் வைப்பதில்லை. நீங்கள் காட்டுக்கு அருகே தனியார் தோப்போ, அறுவடை முடிந்த கழனியோ பார்த்து, உரிமையாளரிடம் சொல்லிவிட்டு அங்கே அடுப்பு வையுங்கள்.

கேள்வி: 20 பேருக்கு விறகடுப்பில் சாம்பார் சாதம் செய்ய அளவு என்ன? போன முறை பருப்பு வேகவில்லை, அடியும் பிடித்துவிட்டது. – வாசகர், அரியாங்குப்பம்

பருப்பு வேகாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று தண்ணீர். தோப்பு போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமாக இருக்கும், அதில் துவரம்பருப்பு குழையவே குழையாது. சமைக்க கேன் தண்ணீர் கொண்டு போங்கள். இரண்டாவது புளி. பருப்பு வெந்து, அரிசியும் முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் புளிக்கரைசல் விழ வேண்டும். புளிப்பு முந்திவிட்டால் பருப்பு நறுக்கென்றே நிற்கும், எவ்வளவு விறகு போட்டாலும் பயன் இருக்காது.

அளவைச் சொல்லிவிடுகிறோம். பொன்னி பச்சரிசி 2 கிலோ, துவரம்பருப்பு 700 கிராம், காய்கறி ஒன்றரைக் கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, புளி 200 கிராம், சாம்பார்ப் பொடி 150 கிராம், தண்ணீர் 13 லிட்டர். உப்பு முதலில் 150 கிராம் போட்டு, கடைசியில் ருசி பார்த்துக் கூட்டுங்கள். பாத்திரம் 25 லிட்டர் குண்டானாக இருக்கட்டும். 20 லிட்டர் குண்டான் போதும் என்று தோன்றும், ஆனால் கிளற இடம் இருக்காது, பொங்கி நெருப்பை அணைக்கும். குண்டானின் வெளிப்புறம் களிமண்ணைக் குழைத்து மெல்லப் பூசிவிட்டால் கரி மண்ணோடு போய்விடும், தேய்க்கிற வேலை பாதியாகும்.

அடுப்புக்குச் செங்கல் ஆறு போதும். இரண்டிரண்டாகப் படுக்கவைத்து மூன்று கால். குண்டானுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் கிடைக்காது, முக்கால் சாண் வரும், அதுதான் சரி. அதைவிடத் தாழ்ந்தால் காற்றில்லாமல் புகையும், உயர்ந்தால் சூடு வெளியே போகும். அங்கே கிடக்கும் கல்லை எடுத்து வைக்காதீர்கள். நம் பக்கத்துச் செம்புறாங்கல் துளைதுளையாக இருக்கும், மழைத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். சூடு ஏறியதும் அந்தத் தண்ணீர் ஆவியாகிக் கல் வெடித்துவிடும், 20 பேர் சாப்பாடு சாய்ந்துவிடும்.

விறகு, காய்ந்த சவுக்குக் கட்டை 12 கிலோ. காற்று நாளென்றால் 15. பற்றவைக்கச் சவுக்கு மிலார், நாலு கொட்டாங்குச்சி, இரண்டு வறட்டி. மண்ணெண்ணெய் வேண்டாம், வாடை சாதம் வரைக்கும் வரும். காட்டுக்குள்ளிருந்து குச்சி பொறுக்குவதும் வேண்டாம். எருக்கு, அரளி, கள்ளி எல்லாம் காய்ந்த பிறகு அடையாளம் தெரியாது, அவற்றின் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல்.

முதலில் 8 லிட்டர் தண்ணீரில், அரை மணி நேரம் ஊறிய பருப்பு, மஞ்சள்தூள், ஒரு கரண்டி நல்லெண்ணெய். திறந்த அடுப்பில் கொதி வரவே அரை மணி ஆகும், பருப்பு மசிய இன்னும் முக்கால் மணி. பிறகு காய், வெங்காயம். காய் பாதி வெந்ததும் ஊறவைத்த அரிசியைப் போட்டு, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வேக்காடு நின்றுபோய் அரிசி ஒட்டிக்கொள்ளும். அரிசி முக்கால் வேக்காடு வந்ததும் புளி, பொடி, உப்பு.

அடி பிடிக்கிற நேரம் இதுதான். பருப்பு கெட்டிப்பட்டு அடியில் உட்காரும், கீழே தழல் ஒரே இடத்தில் தாக்கும். அரிசி போட்டவுடனே பெரிய கட்டைகளை வெளியே இழுத்துவிட்டுக் கங்கில் மட்டும் வேகவிடுங்கள். நீளக் கைப்பிடித் துடுப்பால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும். மீறி வாடை வந்துவிட்டால் சுரண்டவே கூடாது, மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். தாளிப்பும் நெய்யும் இறக்கிய பிறகு.

ஆக மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆறரைக்கு நடக்கத் தொடங்கி பதினொன்றரைக்குத் திரும்புகிறவர்களுக்கு, ஒன்பதரைக்கே அடுப்பு மூட்டியாக வேண்டும். ஆகவே இரண்டு பேர் நடைக்குப் போகாமல் அடுப்பருகே இருப்பார்கள் என்று முதல் நாளே முடிவுசெய்யுங்கள். ஆளில்லாத அடுப்பு ஐந்து நிமிடம்கூடக் கூடாது. பகல் ஏற ஏறக் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும், புகை மேற்கே போகும். பந்தியை அடுப்புக்கு மேற்கே போடாதீர்கள்.

கேள்வி: சாப்பிட்ட பிறகு மண்ணைப் போட்டு மூடினால் நெருப்பு அணைந்துவிடும்தானே? – வாசகர், வில்லியனூர்

அணையாது. மண்ணுக்குக் கீழே கங்கு மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேலே பார்த்தால் வெறும் மண், மாலையில் வெறுங்காலோடு ஓடிவரும் தோப்புக்காரர் பிள்ளை மிதித்துவிடும். சருகு மண்ணில் வேர் வழியாகக் கனன்று போய், வேறிடத்தில் கிளம்புவதும் உண்டு.

சோறு இறங்கியதும் விறகு வைப்பதை நிறுத்துங்கள். கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சுரீர் சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டிப் பாருங்கள், சூடு தெரியாவிட்டால் தொட்டும் பாருங்கள். கதகதப்பு இருந்தால் இன்னும் அணையவில்லை. இதற்கென்று 20 லிட்டர் கேன் ஒன்றைத் தனியாக வையுங்கள், அதை யாரும் கை கழுவத் தொடக் கூடாது. மூட்டும் முன்பே அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டர் சருகைக் கூட்டி, வெறும் மண் தெரிய வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: கேப்பர் மலைப் பக்கம் தெரிந்தவரின் முந்திரித் தோப்பு இருக்கிறது. அங்கே சமைக்கலாமா? – வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

நிழல் நன்றாக இருக்கும், ஆனால் மரத்தடியில் வேண்டாம். முந்திரிச் சருகு கணுக்கால் அளவு சேர்ந்திருக்கும், கிளை தரையைத் தொடும். ஜனவரியில் பூ எடுத்திருக்கும், அனலும் புகையும் பட்டால் தோப்புக்காரருக்கு நஷ்டம். தோப்புக்கு வெளியே வண்டிப்பாதை ஓரத்து வெட்டவெளி கேளுங்கள். பூ நேரத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டையைத் தோலோடு நெருப்பில் போட்டுச் சுடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. தோலில் இருக்கும் எண்ணெய் சூட்டில் பீச்சியடிக்கும், பட்ட இடம் கொப்பளிக்கும், புகை கண்ணை எரிக்கும். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் இதைச் சொல்லுவார்கள். நகரத்திலிருந்து போகும் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

பனைமரத்தடியும் கூடாது. காய்ந்த ஓலைக்கு ஒரு பொறி போதும். அதைவிட, மட்டைக்குள் கதண்டு என்கிற பெரிய குளவி கூடு கட்டியிருந்தால் புகைக்குக் கிளம்பிவிடும். கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பிச்சாவரத்தில் காட்டு நடை உண்டா? – வாசகர், கடலூர் முதுநகர்

இல்லை, படகுதான். அலையாத்திக் காட்டில் தரை சேறு, அதில் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் ஈட்டிபோல நிமிர்ந்து நிற்கும், மிதித்தால் மரத்துக்கும் கேடு, காலுக்கும் கேடு. அங்கே தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த மரம். பார்ப்பதோடு சரி, இலையைக் கிள்ளாதீர்கள். அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வை மங்கும். அதன் விறகை அடுப்பில் வைப்பதும் கூடாது.

கேள்வி: நல்ல வழிகாட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகி, முத்தியால்பேட்டை

மரப் பெயர் எத்தனை தெரியும் என்று கேட்காதீர்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஆம்புலன்ஸ் எந்த இடம் வரைக்கும் வரும் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் அவர் அந்தப் பாதையை உண்மையாகவே நடந்தவர். கடைசி ஆளாக யார் வருவார் என்பது அடுத்த கேள்வி. முன்னே ஒருவர், பின்னே ஒருவர் இல்லாமல் 20 பேரை அழைத்துப் போகக் கூடாது. மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் எடுப்பவரே நல்லவர். காயா மரத்தடியில் நிறுத்தி, கிளையைத் தழுவிக் கொத்துக் கொத்தாக வரும் நீலப் பூவைக் காட்டி, திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்றது இதை வைத்துத்தான் என்று ஒருவர் சொன்னால், அந்த மரத்தை நீங்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டீர்கள். விறுவிறுவென்று நடந்து பத்து கிலோமீட்டர் காட்டுபவரிடம் இது கிடைக்காது.

ஆளுக்கு 2 லிட்டர் குடிதண்ணீர் கையில் இருக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஜனவரியிலும் வியர்வை நிற்காது.

கேள்வி: காட்டு நடை போய்வந்து பத்து நாள் கழித்து என் கணவருக்குக் காய்ச்சல். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா? – வாசகி, பாகூர்

இருக்கலாம், தள்ளிப்போடாமல் இன்றே மருத்துவரிடம் போங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் வருவது. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் பரவுகிறது. கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை அழுந்தும் இடங்களில் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு, வலிக்காது, அதனால் கவனத்துக்கு வராது. எல்லோருக்கும் அது இருப்பதில்லை. காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகும்.

அடுத்த முறை புல்லில் நேரே உட்காராமல் தார்ப்பாய் விரியுங்கள். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் துவையுங்கள்.

கேள்வி: பாம்பு கடித்தால் கயிறு கட்ட வேண்டுமா? – வாசகர், நெட்டப்பாக்கம்

கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்கு வைப்பதுபோல மட்டை வைத்து அசையாமல் செய்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். 108-ஐ அழைத்து, அந்த மருந்து இருக்கும் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேரே செல்லுங்கள்.