ஹாம் லைசென்ஸ் காலாவதி: கிரேஸ் பீரியடில் பேசலாமா?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறேன். என் ஜெனரல் (இடைநிலை வகை) ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலி லைசென்ஸ் காலாவதியாகி 8 மாதம் ஆகிவிட்டது, இப்போதுதான் கவனித்தேன். இரண்டு வருடம் கிரேஸ் பீரியட் (கூடுதல் அவகாசம்) உண்டு, தாராளமாகப் பேசு என்கிறார் கிளப் நண்பர். பேசலாமா? கால் சைன் (என் நிலையத்தின் அடையாளக் குறியீடு) போய்விடுமா? மனைவியிடம் டெக்னீஷியன் (தொடக்க நிலை) லைசென்ஸ் இருக்கிறது, அதை வைத்து நான் பேச முடியுமா?

பதில்: பேசாதீர்கள். உங்கள் நண்பரைப் போலவே பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த இரண்டு வருடம் விண்ணப்பம் போடுவதற்கு மட்டும்தான். எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) விதிகளின் 97ஆம் பகுதி, 21ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: புதுப்பித்து முடிக்கும் வரை எந்த உரிமையும் கிடையாது. பக்கத்து ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) ஒரு வணக்கம் சொன்னாலும் அது லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பியதுதான், அதற்கான அடிப்படை அபராதம் 10,000 டாலர். கேட்பதற்குத் தடையில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

கால் சைன் பற்றிக் கவலை வேண்டாம், இந்த இரண்டு வருடத்துக்குள் அது வேறு யாருக்கும் போகாது. தேர்வும் எழுத வேண்டியதில்லை. எஃப்.சி.சி.யின் லைசென்ஸ் தளமான யூ.எல்.எஸ்.ஸில் உங்கள் எஃப்.ஆர்.என். (எஃப்.சி.சி. பதிவு எண்) கொடுத்து நுழைந்து ரின்யூவல் விண்ணப்பம் போடுங்கள், கட்டணம் 35 டாலர். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள், ஆனால் பணத்தை 10 நாளுக்குள் தனியாகக் கட்டாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். பழைய முகவரியும் மின்னஞ்சலும் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், எஃப்.சி.சி. இப்போது லைசென்ஸைத் தபாலில் அனுப்புவதில்லை, எல்லாம் மின்னஞ்சலில்தான் வரும். அப்புறம், தளத்தில் உங்கள் கால் சைனுக்கு நேரே 'ஆக்டிவ்' என்று வந்துவிட்டால் போதும், அந்த நிமிடமே பேசலாம், கையில் காகிதம் வர வேண்டும் என்றில்லை.

இரண்டு வருடமும் தாண்டிவிட்டால்தான் சிக்கல். கால் சைன் உங்கள் கையை விட்டுப் போய்விடும், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். 2014 முதல் ஒரு சலுகை இருக்கிறது, பழைய ஜெனரல் லைசென்ஸுக்கு ஆதாரம் காட்டினால் 35 கேள்விகள் கொண்ட டெக்னீஷியன் தேர்வை மட்டும் எழுதி ஜெனரலைத் திரும்பப் பெறலாம். ஆனால் உங்களுக்கு இன்னும் 16 மாதம் இருக்கிறது, அந்த நிலைமைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

சரி, மனைவி விஷயம். பேசலாம், ஆனால் சும்மா அவர் கால் சைனைச் சொல்லிவிட்டுப் பேசுவதல்ல. அவர்தான் கண்ட்ரோல் ஆபரேட்டர், அதாவது ஒலிபரப்புக்குப் பொறுப்பானவர், நீங்கள் மைக்கைப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். உங்கள் பழைய ஜெனரல் உரிமைகள் இதில் செல்லாது, டெக்னீஷியனுக்கு உள்ள அலைவரிசைகள் மட்டும்தான். வெளிநாட்டு நிலையங்களோடு பேச வேறு நிபந்தனைகள் உண்டு, இப்போதைக்கு அமெரிக்க நிலையங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கடைக்குப் போயிருக்கும்போது நீங்கள் தனியாக உட்கார்ந்து பேசினால் அது குற்றம்தான்.

அப்படியே அவருடைய லைசென்ஸ் தேதியையும் பார்த்துவிடுங்கள். காலம் 10 வருடம், முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடியும் முன்பே முறையாக விண்ணப்பித்துவிட்டால் எஃப்.சி.சி. முடிவு சொல்லும் வரை அவர் தொடர்ந்து பேசலாம்.