மழைக்கு முன் கவாத்து: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பங்கனப்பள்ளி மரங்களுக்கு 12 வயது. அடர்ந்துபோய் உள்ளே வெயிலே விழவில்லை. ஐப்பசியில்தான் ஆள் கிடைக்கும். அப்போது கவாத்து (கிளை வெட்டிக் குறைப்பது) செய்யலாமா?
– பண்ருட்டி வாசகர்

வேண்டாம். வெட்டிய இடத்தில் வரும் துளிர் நன்றாக முற்றினால்தான் அதன் நுனியில் பூ வரும். அதற்கு நாலு மாதமாவது பிடிக்கும். ஐப்பசியில் வெட்டினால் தை மாதம் பூ இருக்க வேண்டிய இடத்தில் செந்துளிர்தான் இருக்கும். மாமரத்தில் அறுவடை முடிந்த கையோடு, ஆகஸ்ட் – செப்டம்பருக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். உள்கிளைகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

இந்த வருடம் தவறிவிட்டதா? காய்ந்த கிளை, நோய் பட்டது, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே கிளம்பிய துளிர், தரையில் உரசும் கிளை ஆகியவற்றை இப்போதும் எடுக்கலாம். நுனிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வீட்டை ஒட்டி பெரிய வேம்பு நிற்கிறது. 2018 கஜாவுக்குப் பிறகு புயல் என்றாலே பயம். ‘மொட்டையடித்துவிடுங்கள்’ என்கிறார்கள். சரியா?
– நாகப்பட்டினம் வாசகி

மழைக்கு முன் கிளை குறைப்பது நல்லதுதான். இலைப்பரப்பு குறைந்தால் காற்றின் இழுவை குறையும். ஈரத்தில் இளகிய மண்ணில் வேருக்குப் பாரமும் குறையும். ஆனால் மொட்டையடிப்பது வேறு. வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகக் கிளம்பும் துளிர்கள் பட்டையை ஒட்டி மேலாக மட்டுமே பிடித்திருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அவை தடித்து, அடுத்த புயலில் முதலில் பிய்வது அவைதான். தட்டையான பெரிய வெட்டில் நீர் தங்கி நடுமரமும் சொத்தையாகும்.

உள்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலை விடுவதும் தப்பு. பாரம் முழுக்க நுனிக்குப் போய், கிளை இன்னும் ஆடி முறியும். காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, கூரைப் பக்கம் நீண்டவை என்று தேர்ந்தெடுத்து, மொத்தப் பச்சையில் கால் பங்குக்குமேல் போகாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது. பாதியிலேயே தொங்கி, அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பம் போடுங்கள். அதற்கு இரண்டு விரற்கடை வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக எடுங்கள். கிளை தொடங்கும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு வீக்கம் தெரியும். அதை விட்டு, அதன் வெளி ஓரத்தில் அறுக்க வேண்டும். காயத்தை மூடும் புதுப்பட்டை அங்கிருந்துதான் வளரும்.

மழைக்கு முன் வெட்டுவதில் பெரிய குறை, ஆறாத காயத்தில் அடைமழை பிடிப்பது. மழைத்துளி தெறித்தே பூஞ்சை வித்து பரவும். வேம்புக்கு மழைக்காலத்தில் நுனிக்கருகல் வேறு வரும். ஆகவே புரட்டாசி முதல் வாரத்துக்குள், வெயில் காயும் நாளாகப் பார்த்து வெட்டுங்கள். கையளவு தடித்த கிளைகள் அவசரமில்லை என்றால் மாசி வரை நிற்கட்டும். மின்கம்பியைத் தொடும் கிளையில் கூலி ஆளை ஏற்றாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.

கொய்யாவுக்கும் இதே கணக்கா?
– பழனி வாசகர்

இல்லை. கொய்யா புதுத் துளிரில் காய்ப்பது, வெட்டினால் நஷ்டமில்லை. செப்டம்பர் – அக்டோபரிலும் பிப்ரவரி – மார்ச்சிலும், போன பருவத்து நுனிவளர்ச்சியை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள், பக்கக்கிளை நிறைய வரும்.

வெட்டுவாயில் சாணி பூசலாமா, போர்டோ பசையா?
– திண்டுக்கல் வாசகர்

போர்டோ பசைதான், அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி. சாணி முதல் மழையிலேயே கரைந்துவிடும். பத்து மரத்துக்கு ஒரு லிட்டர் தாராளம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் வாளி போதும். இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சேருங்கள், இல்லாவிட்டால் பட்டை வெந்துவிடும். கலந்த அன்றே பூசிவிட வேண்டும், மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.