பினாங்கில் வாங்கிய பழைய கெரிஸ் ஜாவாவுடையதா, மலாய்க்காரர்களுடையதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கெரிஸ் என்பது இந்தோனேசியா, மலாயா பக்கத்துக் குத்துவாள், அதன் கூரிய உலோகப் பகுதியைத்தான் அலகு என்கிறேன். கடைக்காரர் ஜாவா என்கிறார், உங்கள் நண்பர் மலாய் என்கிறார். நீங்கள் எழுதியிருப்பதை (துப்பாக்கிப் பிடி மாதிரி வளைந்த மரப்பிடி, அடிநுனி விரிந்த உறை, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான நெளிவு அலகு, அதில் வெளிர் கோடுகள்) வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அலகு ஒரு ஊர், பிடி இன்னொரு ஊர் என்பது கெரிஸில் சர்வ சாதாரணம். அலகைத்தான் பரம்பரைச் சொத்தாகப் பாதுகாப்பார்கள், பிடியும் உறையும் தேய்ந்தாலோ உடைந்தாலோ அது அப்போது இருக்கும் ஊர் வழக்கப்படி புதிதாகச் செய்து மாட்டிவிடுவார்கள். அதனால் மொத்தமாகப் பார்த்து ஒரு பெயர் சொல்லாமல் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகப் பாருங்கள்.

பிடி ரொம்பச் சுலபம். நீங்கள் சொல்வது பூகிஸ் பாணி. பூகிஸ் மக்களின் சொந்த மண் இந்தோனேசியாவின் தெற்கு சுலாவேசி, ஆனால் உங்கள் பிடி அங்கேதான் செதுக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. 1669இல் டச்சுக் கம்பெனியிடம் அங்கிருந்த மக்காசார் துறைமுகம் விழுந்த காலத்தில் அந்தப் பக்கத்து மக்கள் நிறையப் பேர் கப்பலேறி ரியாவ், ஜொகூர், சிலாங்கூர் என்று பரவினார்கள், சிலாங்கூர் சுல்தான் பரம்பரையே பூகிஸ் வழிதான். அவர்களோடு வந்த பாணி மலாயாவிலேயே வேரூன்றிவிட்டது. ஜாவாப் பிடி என்றால் ஒல்லியாக, லேசாக முன்னால் சாய்ந்து, உட்பக்கத்தில் இரண்டு இடத்தில் மட்டும் சின்னச் செதுக்கல் இருக்கும். பாலியில் ராட்சசன், தேவர் உருவங்களையே பிடியாக வைப்பார்கள். தெற்கு தாய்லாந்தின் பட்டானி, மலேசியாவின் கிளந்தான் பக்கத்துப் பிடிக்கு மீன்கொத்தி மூக்கு மாதிரி நீண்ட மூக்கு இருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

உறையின் விரிந்த அடிநுனியும் பூகிஸ் பக்கமே கை காட்டுகிறது. ஜாவா உறையின் தலைப்பகுதியில் இரண்டு வகை, விசேஷங்களுக்கு நுனிகள் நீண்டு சுருண்ட லாட்ராங், அன்றாடத்துக்கு உருண்டையான கயாமான். உங்களுடையது இரண்டுமே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இப்போது அலகு, விஷயமே இங்கேதான். சொரசொரப்பும் வெளிர் கோடுகளும் ஜாவாவை நினைவுபடுத்துகின்றன. அங்கே இரும்போடு நிக்கல் கலந்த உலோகத்தை அடுக்கடுக்காக வைத்து அடித்து, கடைசியில் எலுமிச்சைச் சாற்றில் கலந்த ஆர்செனிக்கைப் பூசுவார்கள். இரும்பு கறுக்கும், நிக்கல் அடுக்கு வெளுப்பாகத் தெரியும், அந்தக் கோலத்துக்குப் பெயர் பாமோர். பாலி அலகில் பாமோர் இருந்தாலும் மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்த்திருப்பார்கள், அளவும் ஜாவாவை விடப் பெரிது. ஒல்லியாக, நீளமாக, நேராக ஊசி போல இருந்தால் சுமத்ரா, மலாயா பக்கம் தேடலாம். கனமாக, வெட்டவும் தோதாக, அலகையும் பிடியையும் இணைக்கும் உலோகப் பட்டையோடு வந்தால் அது தெற்கு பிலிப்பைன்ஸ், மிண்டனாவோ - சுலு பக்கத்து காலிஸ், கிட்டத்தட்ட வாள்தான்.

நெளிவுகளை எண்ணி ஊரைச் சொல்ல முடியாது, எல்லா ஊரிலும் ஒற்றைப்படையில்தான் போடுவார்கள். “மஜாபாகித் காலம்” (பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஜாவாப் பேரரசு) என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகத் தகட்டை வெட்டி ஆசிட்டில் கோடு போட்டவையும் உண்டு. அடிப்பக்கத்தில் அலகின் குறுக்கே தனித் துண்டாகப் பொருத்திய கஞ்சா (ஆமாம், பெயரே அதுதான்) இருக்கிறதா, அலகின் விளிம்பு வரை அடுக்குகள் தொடர்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். ஒரே இரும்பில் கஞ்சாவையும் சேர்த்து அடித்த நல்ல கெரிஸ்களும் இருப்பதால் அது இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

உருவத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்வது அருங்காட்சியகங்களுக்கே கஷ்டம். டச்சுக்காரர்களை எதிர்த்து ஜாவாப் போரை நடத்திய இளவரசர் திபோநெகோரோவின் கெரிஸ் 1831இல் டச்சு மன்னரிடம் போனது. பிறகு அரும்பொருள் சேகரிப்புக்குள் எது அவருடையது என்றே தெரியாமல் கலந்துவிட்டது. பழைய கடிதங்களையும் ஓவியர் ராடன் சாலே எழுதிவைத்த குறிப்பையும் பொருளோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டு 2020இல் இந்தோனேசியாவிடம் கொடுத்தார்கள். அதனால் கடைக்காரரிடம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள், பழைய ரசீது ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பாமோர் போய்விடும். பிடியைப் பலமாக இழுக்கவும் வேண்டாம், அரக்கு போட்டு ஒட்டியிருக்கலாம். அலகின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் நெருக்கமாகவும், உறையின் தலையை முன்னாலிருந்தும் படமெடுத்துப் போடுங்கள். பூகிஸ் அலங்காரத்தில் ஜாவா அலகு என்பதுதான் இப்போதைக்கு என் ஊகம், படம் பார்த்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.