"எங்கள் வயதில் இது வராதுதானே டாக்டர்?"

கேள்வி: எனக்கு 52 வயது. கணவருக்கு 57, லோரி ஓட்டுகிறார். போன வருடம் காசநோய் என்று அவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார், இன்னும் உடம்பு தேறவில்லை. 2012 வரை அவருக்கு ஊசி போடும் போதைப் பழக்கம் இருந்தது, அப்புறம் தானாகவே விட்டுவிட்டார். எனக்குச் சில மாதமாக நாக்கில் வெள்ளையாகப் படிகிறது, இப்போது விழுங்கினால் நெஞ்சுக்குள் வலிக்கிறது. ஃபார்மசி ஜெல் தடவினேன், தங்கச்சியிடம் மிச்சமிருந்த பூஞ்சை மாத்திரை சாப்பிட்டேன், போய்விட்டுத் திரும்ப வருகிறது. முதுகில் அக்கியும் வந்தது. முடி கொட்டுகிறது, இரவில் உடம்பு கொதிக்கிறது, கால் மரத்துப் போகிறது. மலேசியாவில் எச்.ஐ.வி. 20 முதல் 39 வயது ஆண்களுக்குத்தான் என்று இணையத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது, இன்னொன்றில் பெண்களுக்குத்தான் அதிகம் என்று இருக்கிறது. எங்கள் வயதில் வராதுதானே? பேரப்பிள்ளை இருப்பதால் எங்கள் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்:

வரலாம், சகோதரி. உங்களுக்கு எச்.ஐ.வி. வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயதைக் காட்டி இதை ஒதுக்கிவிட முடியாது, அந்த அட்டவணையை வைத்து ஒதுக்கவே முடியாது. இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதலில் தட்டையும் டம்ளரையும் பழையபடி எல்லாவற்றோடும் சேர்த்து வையுங்கள். சாப்பாட்டில், எச்சிலில், கழிவறையில், கொசுக்கடியில் இது பரவாது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம். முடி கொட்டுவதற்கு நூறு காரணம் உண்டு, அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இரவில் உடம்பு கொதிப்பது 52 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெரும்பாலான பெண்களுக்கு இருப்பதுதான். ஆனால் உடுப்பு நனைகிற அளவுக்கு வியர்த்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், காசநோய் வந்தவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். கால் மரத்துப் போவதற்கு இனிப்பு நீரும் (நீரிழிவு) காரணமாக இருக்கலாம், அதற்கும் அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு அது எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த விழுங்கும் வலிதான். நாக்கில் வெள்ளையாகப் படிவது பொய்ப்பல் வைத்தவர்களுக்கும், இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், ஆஸ்துமா மருந்தை உறிஞ்சிவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் வரும். ஆனால் அந்தப் பூஞ்சை வாயோடு நிற்காமல் உணவுக்குழாய்க்குள் இறங்கி, சோறு விழுங்கும்போது நெஞ்சுக்கு நடுவில் வலிக்கிறது என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி எங்கேயோ நன்றாகக் குறைந்திருக்கிறது என்றுதான் ஒரு டாக்டர் நினைக்க வேண்டும். மாத்திரை போட்டால் போய், நிறுத்தினால் திரும்ப வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாயைத்தான் அது ஆற்றியது, ஏன் வருகிறது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. தங்கச்சிக்கு எதற்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்கள் சாப்பிட்டதில் சில மாதம் போனதுதான் மிச்சம். சகோதரி, இப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த மாதங்கள் வீணாகப் போனால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அக்கி 50 வயதுக்கு மேல் யாருக்கும் வரும், தனியாக வந்திருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். காசநோயும் இந்த நாட்டில் ஏராளமான பேருக்கு எச்.ஐ.வி. இல்லாமலேயே வருகிறது. ஆனால் ஒரே வீட்டில் கணவருக்குக் காசநோய், மனைவிக்கு அக்கி, அப்புறம் இந்த விழுங்கும் வலி, இதெல்லாம் சேர்ந்து வரும்போது பரிசோதனை செய்யாமல் இருப்பது தவறு.

இப்போது அந்த அட்டவணைகள். இரண்டுமே பொய் இல்லை, நீங்கள் படித்த விதம்தான் சரியில்லை. பெண்களுக்கு அதிகம் என்பது பெரும்பாலும் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கணக்கு. அங்கே புதிதாகத் தொற்றுகிறவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் பெண்கள், அதிலும் 15-லிருந்து 24 வயதுப் பெண்கள் அதே வயதுப் பையன்களைவிட மிக அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள், ஏனென்றால் அவர்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள் பலர் அவர்களைவிட நிறைய வயது மூத்தவர்கள். தென் ஆப்பிரிக்கா என்ற ஒரே நாட்டுக்குள்ளேயே குவாசுலு-நட்டால் மாநிலத்தில் இருக்கும் அளவு மேற்குக் கேப்பில் இல்லை. இடம் மாறினால் எந்த வயது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் மாறிவிடும்.

நம் நாட்டிலேயே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1986-ல் இங்கே முதல் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் பெரும்பாலானோர் ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஆண்கள். 2002-ல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின, அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை வந்ததில்லை. 2005-ல் போதை ஊசிக்குப் பதிலாக வாய்வழி கொடுக்கும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையும் 2006-ல் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தன, பினாங்கிலும் ஆரம்பத்திலேயே தொடங்கினார்கள், ஊசி வழியாகத் தொற்றுவது மளமளவென்று குறைந்தது. இப்போது வருடத்துக்குச் சுமார் 3,000 புதிய தொற்று, பெரும்பாலும் உடலுறவு வழியாக, 10 பேரில் 9 பேர் ஆண்கள், அதிகமானோர் 20-களிலும் 30-களிலும் இருப்பவர்கள், அவர்களில் பலர் ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள். நீங்கள் பார்த்தது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் அது இப்போது புதிதாகப் பதிவாகிறவர்களின் கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் 30 வயதில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இன்றைக்கு 50-க்கு மேல் ஆகிவிட்டது. அவர்களில் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு மனைவியும் இருக்கிறார். சிகிச்சை இல்லாமல் இந்தக் கிருமி சராசரியாகப் பத்து வருடம் வெளியே தெரியாமல் இருக்கும், சிலருக்கு அதைவிட அதிகம். 10 பேரில் 9 பேர் ஆண்கள் என்று படித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள், அந்த ஆண்களில் கணவர்மாரும் உண்டு, இங்கே தொற்று வந்த இல்லத்தரசிகள் பலருக்குக் கணவர் வழியாகத்தான் வந்தது.

உங்கள் வயதுப் பெண்கள் ஏன் கணக்கில் குறைவாகத் தெரிகிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன், இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1998-ல்தான் அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் திட்டம் தொடங்கியது. அது அவ்வளவு நன்றாக நடந்ததால், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. முஸ்லிம் ஜோடிகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பரிசோதனை கட்டாயம், நமக்கு அது இல்லை. 1998-க்கு முன்பே பிள்ளைப்பேறு முடிந்த, ரத்த தானம் எதுவும் செய்யாத ஒரு தமிழ்ப் பெண்மணிக்கு வாழ்க்கையில் ஒரு தடவைகூட இந்தப் பரிசோதனை நடந்திருக்காது. டாக்டர்களும் வயதைப் பார்த்துவிட்டுக் கேட்பதில்லை. அதனால்தான் இந்த வயதுக்காரர்கள் மிகவும் முற்றிய நிலையில் வந்து சேருகிறார்கள்.

பரிசோதனை சின்ன விஷயம். விரல் நுனியிலிருந்தோ கையிலிருந்தோ கொஞ்சம் ரத்தம், முதல் முடிவு அன்றைக்கே தெரியும், பாசிட்டிவ் என்றால் வேறொரு பரிசோதனையால் உறுதி செய்வார்கள். கடைசியாக உறவு வைத்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் நெகட்டிவ் முடிவை முழுசாக நம்பலாம், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம். ஆன்லைனில் வாங்கி வீட்டில் பார்க்கும் கிட் உங்களுக்கு வேண்டாம், உங்களுக்கு டாக்டர் வாயையும் தொண்டையையும் பார்க்க வேண்டும்.

பாசிட்டிவ் என்று வந்தாலும் கேளுங்கள்: அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பலருக்கு நாளைக்கு ஒரே வேளைதான். ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும், அந்த நிலை நீடிக்கும்வரை உறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. பேரப்பிள்ளையின் கல்யாணத்தைப் பார்ப்பீர்கள்.

கணவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. காசநோய் என்று பதிவானவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்துச் செய்வதுதான் இங்கே வழக்கம், ஆகவே அவருக்கு ஒரு முடிவு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கலாம். அது நெகட்டிவாகவும் இருக்கலாம். "உங்களுக்கு அப்போது எச்.ஐ.வி. பார்த்தார்களா, என்ன சொன்னார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஊசியா, வேறு வழியா, யார் என்ற விசாரணை உங்கள் சிகிச்சைக்குத் தேவையில்லை, அதை ஆரம்பித்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். பதில் சொல்லாவிட்டாலும் அவருக்காகக் காத்திருக்காமல் நீங்கள் போய் ரத்தம் கொடுங்கள். அவர் சம்மதித்தால் இருவரும் சேர்ந்தே போகலாம், ஊசிப் பழக்கம் இருந்ததால் அவருக்கு ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி கிருமியும் பார்க்க வேண்டும்.

போகும்போது அந்த ஜெல்லையும் தங்கச்சி கொடுத்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். இடையில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு விடாத தலைவலி வந்தாலோ, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போனாலோ கிளினிக் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.