முள்ளில்லா லோகன்பெரியில் பூவும் இல்லை, முள் மட்டும் வருகிறது

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் முள்ளில்லா லோகன்பெரி (ராஸ்பெரி, பிளாக்பெரி கலப்பினப் பழச்செடி) வைத்து மூன்று வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் தரையோடு வெட்டிவிடுகிறேன். பிறகு ஆள் உயரத்துக்கு மேல் தளதளவென்று வளர்கிறது. ஒரு பூகூட இல்லை. இப்போது பக்கத்தில் முள் தண்டும் முளைக்கிறது. கடைக்காரர் பூக்க டானிக் தெளிக்கச் சொல்கிறார். எந்த டானிக் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். வர வேண்டிய பூவை வருஷா வருஷம் நீங்களே வெட்டிப் போடுகிறீர்கள். லோகன்பெரி, அதேபோன்ற கலப்பினங்களான பாய்சன்பெரி, டேபெரி மூன்றிலும் வேருக்குத்தான் நீண்ட ஆயுள். தண்டுக்கு இரண்டே வருஷம். முதல் வருஷம் வெறும் இலை. மறு வருஷம் அதே தண்டு பக்கக்கிளை விட்டு, பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். தரையோடு வெட்டும் கவாத்து, முதல் வருஷத் தண்டிலேயே காய்க்கும் இலையுதிர்கால ராஸ்பெரிக்கு உரியது. இந்த வித்தியாசம்கூடச் சொல்லாமல் பாட்டிலை நீட்டுகிற கடைக்காரரிடம் யோசனை கேட்காதீர்கள். தழைச்சத்து உரமும் இப்போது வேண்டாம், இன்னும் இலைதான் வரும்.

எந்த டானிக் என்பதை விட்டு, எந்தத் தண்டை வெட்டுவது என்று கேட்டிருக்க வேண்டும். காய்த்த தண்டு பழுப்பேறி விறைப்பாக இருக்கும். பக்கக்கிளை நுனியில் காய்ந்த பழக்காம்பு ஒட்டியிருக்கும். புதுத் தண்டு பச்சையாக, வளைத்தால் வளையும். ஆனாலும் இலை அடர்ந்துவிட்டால் கண் ஏமாறும். அதனால்தான் நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது: கம்பியில் காய்க்கும் தண்டுகளை ஒரு பக்கம், புதுத் தண்டுகளை மறுபக்கம் கட்டுங்கள். அறுவடை முடிந்ததும் காய்த்த பக்கத்தை முழுசாக அடியோடு வெட்டலாம், யோசிக்கவே வேண்டாம். அடுத்த வருஷம் முளைப்பவை அந்தக் காலிப் பக்கத்துக்குப் போகும். காற்றும் வெயிலும் உள்ளே புகும், பழம் அழுகுவதும் குறையும். நான்கு முழக் கயிறு செய்கிற இந்த வேலையை எந்த மருந்தும் செய்யாது. இந்தக் குளிர்காலம் பச்சைத் தண்டு ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.

அப்புறம் அந்த முள். லோகன்பெரி 1880களில் கலிஃபோர்னியாவில் நீதிபதி லோகனின் தோட்டத்தில் முள்ளோடுதான் பிறந்தது. முள்ளில்லாதது பின்னால் வந்த மாற்றம். பழைய முள்ளில்லா ரகத்தில் அந்த மாற்றம் மேல்தோலோடு சரி, உள்ளே இருப்பது முள் வகைதான். வேர் காயப்பட்டு உள்திசுவிலிருந்து முளைத்தால் முள்தான் வரும். தூர் அருகே மண்வெட்டி போடாதீர்கள். முள் தண்டை வேரோடு பிடுங்குங்கள். வேர்த்துண்டில் பெருக்கி முள்ளில்லா நாற்று என்று விற்பவரிடம் வாங்கவும் வேண்டாம். புதுச்செடி வேண்டுமானால் கோடை முடிவில் முள்ளில்லாத் தண்டின் நுனியை ஒரு சாண் ஆழத்துக்குள் மண்ணில் பதியன் போடுங்கள். வேர் பிடித்தபின் வசந்தத்தில் வெட்டிப் பிரித்து நடலாம்.