கண்புரை லென்ஸ்: விலை கூடினால் பார்வையும் கூடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்க மோனோஃபோக்கல், டோரிக், மல்டிஃபோக்கல் என்று மூன்று லென்ஸ் காட்டினார்கள். மல்டிஃபோக்கல்தான் உயர்ந்தது, கண்ணாடியே வேண்டாம் என்கிறார்கள். அதையே வைத்துவிடலாமா?

பதில்: அப்பா ராத்திரியில் வண்டி ஓட்டுவாரா? முதலில் அதைக் கேளுங்கள். மோனோஃபோக்கல் ஒரே தூரத்துக்குத்தான் கூர்மை தரும். பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பார்கள். பேப்பர் படிக்க +2.5 அளவில் கண்ணாடி வேண்டியிருக்கும். மல்டிஃபோக்கல், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் காட்சி சற்று வெளுத்துத் தெரியும். எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். பலருக்குச் சில மாதங்களில் பழகிவிடும். பழகாமல் லென்ஸையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. முற்றிய கிளாக்கோமாவோ (கண் நரம்பைப் பாதிக்கும் கண் அழுத்த நோய்), சர்க்கரை நோயால் விழித்திரைப் பாதிப்போ இருந்தால் மல்டிஃபோக்கல் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

டோரிக் என்றால் தரத்தில் ஒரு படி மேல் என்று அர்த்தமில்லை. கருவிழி வளைவு சீராக இல்லாமல் சிலிண்டர் பவர் இருப்பவருக்கானது அது. குறித்த கோணத்தில் உட்கார வேண்டும்: 10 டிகிரி திரும்பினால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், 30 டிகிரி திரும்பினால் வைத்தும் பயனில்லை.

எந்த லென்ஸானாலும், பார்வை எப்படி அமையும் என்பது பெரிதும் அளவெடுப்பில் இருக்கிறது. கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) தவறிவிடும். கண் உலர்ந்திருந்தால் கருவிழி அளவு ஒவ்வொரு முறையும் மாறி வரும். உலர்வைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முன்பு கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் லேசிக் லேசர் சிகிச்சை செய்திருந்தால் மறக்காமல் சொல்லிவிட வேண்டும், வழக்கமான கணக்கு அங்கே பிசகும்.

"ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணை எந்த பவரில் நிறுத்தப் போகிறீர்கள்?" என்றும் கேளுங்கள். மைனஸ் பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தே பழகியிருப்பார். தூரத்துக்கு லென்ஸ் வைத்ததும் அந்த வசதி போய்விடும். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் மனக்குறை வருவது இங்கேதான்.

லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கரை வாங்கி வையுங்கள். மாடல், பவர், சீரியல் எண் மூன்றும் அதில் இருக்கும். புதுக் கண்ணாடிக்கு அவசரம் வேண்டாம். பவர் நிலைப்பட நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

கேள்வி: அம்மாவுக்கு லென்ஸ் வைத்து இரண்டு வருடம். மறுபடி புகைமூட்டமாகத் தெரிகிறதாம். லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் லென்ஸ் கெட்டிருக்காது. அதைத் தாங்கும் பையின் பின்சுவரில் செல்கள் படர்ந்து மங்கியிருக்கும். யாக் லேசரால் நடுவில் ஒரு திறப்பு செய்வார்கள்; சில நிமிட வேலை, லென்ஸை மாற்ற வேண்டியதில்லை. அதற்கு முன் விழித்திரையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள், மங்கலுக்குக் காரணம் அங்கேயும் இருக்கலாம். மின்னல் வெட்டுவதுபோலவோ, ஓரத்தில் திரை இறங்குவதுபோலவோ தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.