மேடே இல்லாத ஊரில் 340 கிலோமீட்டர்: சைக்கிள் கேள்வி பதில்

தஞ்சாவூரில் புறப்பட்டு திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். அங்கிருந்து கடலோரமாகத் தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. பிறகு திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் திரும்பவும் தஞ்சாவூர். ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இந்தச் சுற்றைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான் ஊட்டி ஏறியவன். டெல்டாவில் ஒரு மேடுகூடக் கிடையாதே, இதில் என்ன சவால் இருக்கிறது ஐயா?

ஊட்டி ஏறியவர் இறங்கியும் இருப்பீர்கள். இறங்கும்போது கால் சும்மா இருக்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. ரயில்வே மேம்பாலங்களை விட்டால் சரிவு என்று ஒன்றுமில்லை; மிதித்தால்தான் வண்டி நகரும். நாள் முழுக்க ஒரே மாதிரி உட்கார்ந்து மிதிப்பதில் முதலில் உள்ளங்கை மரத்துப்போகும், பிறகு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு சீட்டில் உட்காரவே முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று மிதிக்கப் பழகுங்கள். இத்தனைக்கும் மேல் காற்று இருக்கிறது. மலைக்காவது உச்சி என்று ஒன்று உண்டு. வயல்வெளியில் எதிர்காற்று பிடித்துக்கொண்டால் அடுத்த ஊர் வரும்வரை ஒதுங்க ஒரு சுவர்கூடக் கிடைக்காது.

கேள்வி (திருச்சி): எந்த மாதம் போகலாம்? எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி இதுதான். தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள்தான் இங்கே பாதியில் நிற்கிறார்கள். காற்றைப் பார்த்துப் போடுங்கள்.

தை, மாசி மாதங்கள்தான் சரியான காலம். அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதனால் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். தஞ்சையிலிருந்து பூம்புகார் வரை கிழக்கே போகும் பகுதிதான் காற்றுக்கு எதிரானது. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் காற்று எழுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். பூம்புகாரில் தெற்கே திரும்பியதும் காற்று இடது தோளுக்குப் பின்னால் வந்துவிடும். கோடியக்கரையிலிருந்து மேற்கே திரும்பும்போது பிற்பகல் கடற்காற்றும் சேர்ந்து முதுகில் தள்ளும். கால் ஓய்ந்துபோன நேரத்தில் அந்தத் தள்ளல்தான் உங்களை ஊர் சேர்க்கும்.

ஆடியில் போகிறேன் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சைக்கிள்காரர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். அது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காற்று. கடைசியில் வீடு திரும்பும் பாதை முழுக்க முகத்தில் அறையும். போயே ஆக வேண்டுமென்றால் இடஞ்சுழியாகச் சுற்றி, பூம்புகாரிலிருந்து தஞ்சை வரும் பகுதியைக் காற்று தணிந்திருக்கும் விடியற்காலைக்கு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். மழை ஒருபுறம், புயல் ஒருபுறம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது.

கேள்வி (சென்னை): பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து ஏப்ரலில்தான் எனக்கு விடுப்பு கிடைக்கும். சமாளிக்க முடியாதா?

1930-இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பி, நடந்தே 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சித்திரை வெயில்தான். அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. நீங்கள் தை மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): அறுவடைக் காலத்தில் சாலையெல்லாம் நெல் காயப்போட்டிருப்பார்களாமே?

ஆமாம், தை மாசியில் போவதற்குக் கொடுக்கிற விலை அது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. களம் போதாத ஊரில் தார்ச்சாலையை விட்டால் காயவைக்க இடம் ஏது? சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் செங்கல்லும் கருங்கல்லும் வரிசையாக வைத்திருப்பார்கள். தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஓர் அம்மா, இரண்டு கால்களையும் தேய்த்துத் தேய்த்து நெல்லில் சால் பிடித்தபடி போய்க்கொண்டிருப்பார். அதன் மேல் ஓட்டாதீர்கள். அது அவர்களுடைய ஆறு மாத உழைப்பு. போதாததற்கு மெல்லிய டயருக்குக் கீழே நெல்மணி உருண்டு வண்டியைச் சாய்த்துவிடும்.

வைக்கோலைப் பார்த்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு பிரி பின்சக்கரத்தில் சுற்றினால் கியர் மாற்றி முறிந்துவிடும், அந்த உதிரிபாகம் வழியில் எங்கும் கிடைக்காது. வயலிலிருந்து ஏறிய பெல்ட் வண்டி (பெல்ட் பூட்டிய அறுவடை இயந்திரம்) உதிர்த்துவிட்டுப் போன களிமண் கட்டிகளும் அப்படித்தான். காய்ந்தால் கல், பனியில் நனைந்தால் எண்ணெய். இரவில் இன்னொரு ஆபத்து, கொள்முதல் நிலைய வாசலில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள்.

கேள்வி (மதுரை): ஒரே மூச்சில் முடிக்கலாமா?

பிரேவே என்ற, நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நீள்தூர சைக்கிள் ஓட்டங்களில் 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் தருகிறார்கள். அதை முடித்தவர் என்றால் முயலலாம். மற்றவர்கள் வேளாங்கண்ணியில் இரவு தங்குங்கள். கிட்டத்தட்ட சரிபாதி தூரம், விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களிலும் அதற்கு முந்தைய வாரத்திலும் சாலை முழுக்க நடைப்பயணிகள் இருப்பார்கள், அறையும் கிடைக்காது.

கேள்வி (கும்பகோணம்): உள்ளூர்க்காரன் கேட்கிறேன். மெயின் ரோட்டில் பஸ் தொல்லை தாங்காது. ஆற்றங்கரை வழியாகவே போய்விடலாமே?

பாதி சரி. தஞ்சையிலிருந்து பாபநாசம் சாலையைப் பிடிக்காமல் திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை என்று வருவது அதற்காகத்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் விடிவதற்குள் தாண்டிவிடலாம். ஆனால் செல்போன் வரைபடம் காட்டும் வாய்க்கால் கரைகளை நம்பாதீர்கள். பாதி தூரம் சிமெண்ட் சாலை, பிறகு மண், கடைசியில் ஒரு மதகு. அதன் மேல் ஆள் போகலாம், வண்டியைத் தோளில் சுமக்க வேண்டும்.

கேள்வி (சேலம்): பஞ்சர் ஆனால்?

வேட்டைக்காரனிருப்பு தாண்டியதும் சீமைக்கருவேல முள்ளுக்குத் தயாராக இருங்கள். 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம்; மூன்று டியூப், ஒட்டுப் பசை, கைப்பம்பு. மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் ஒரு பித்தளை அடாப்டரையும் போட்டுக்கொள்ளுங்கள், பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கலாம். ஊர்களில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர்கள் அரசு இலவச சைக்கிளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். உங்கள் வண்டியின் டியூப் அவர்களிடம் இருக்காது.

கேள்வி (புதுக்கோட்டை): சாப்பாடு, தண்ணீர்?

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கும்பகோணத்தில் காபி, நாகூரில் இறால் வாடா. வாடாவை ஒன்றோடு நிறுத்துங்கள், எண்ணெய்ப் பண்டத்தோடு 12 கிலோமீட்டர்கூட ஓட்ட முடியாது. தண்ணீர்தான் பிரச்சினை. கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. வேளாங்கண்ணியில் எல்லாப் பாட்டில்களையும் நிரப்புங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ இடையிடையே வேண்டும்.

கேள்வி (திருவாரூர்): நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து போக நினைக்கிறோம், அண்ணா. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் கழிப்பறை. பெரிய பெட்ரோல் பங்குகளையும் பேருந்து நிலையங்களையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் தாண்டினால் கோடியக்கரை போய்த் திரும்பும்வரை வசதி குறைவு. காரைக்காலை மாலைக்கு முன்பே கடந்துவிடுங்கள். அது புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே மது மலிவு. இருட்டிய பிறகு எல்லைச் சாலைகளில் தள்ளாடி வரும் இருசக்கர வாகனங்கள் யாருக்குமே நல்லதல்ல. தை மாதம் விடியற்காலையில் வயலிலிருந்து எழும் பனி மூட்டத்தில் பஸ் ஓட்டுநருக்கு உங்கள் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு இரண்டு விளக்கு, மேலே ஒளிரும் சட்டை.

கேள்வி (நாமக்கல்): கோடியக்கரையில் இரவு ஓட்டலாமா?

கூடாது. அது சரணாலயக் காடு. வெளிமானும் காட்டுப்பன்றியும் விளக்கு வைத்துக்கொண்டு சாலையைக் கடப்பதில்லை.

கேள்வி (கரூர்): நடுவில் முடியவில்லை என்றால் எப்படித் திரும்புவது?

மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி எல்லாவற்றிலும் ரயில் நிலையம் உண்டு. சைக்கிளை ஏற்ற முடியுமா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமென்றால் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் குட்டியானை வேன் வாடகைக்கு நிற்கும். பேரம் பேசும் தெம்பு இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): போய்வந்த மறுவாரமே செயின் துருப்பிடித்துவிட்டது. மட்டமான செயினா?

செயின் மேல் பழி போடாதீர்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளக் காற்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்த இரவே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, எண்ணெய் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் எழுந்திருக்கவே பத்து மணி ஆகிவிடும்.